கண்மாயில் ஜேசிபி இறக்குவதற்கு முன்

வேலூர்
10.8.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படத்தையும் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவள் அழுகிற அழுகையில் உன் முகம் அப்படியே தெரிகிறது. இங்கே பென்ஷன் ஒழுங்காக வருகிறது, முழங்கால்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. மற்றபடி சுகம்.

நம் செட்டு ஆட்கள் சேர்ந்து அறக்கட்டளை பதிவு செய்து, ஜேசிபி வைத்து ஊர்க் கண்மாயைத் தூர்வாரப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. யூனியன் ஆபீஸில் இத்தனை வருஷம் ஓவர்சீயராகக் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

எங்கள் பக்கத்து நாகநதிக் கதை உனக்குத் தெரியுமா? ஜவ்வாது மலைச் சரிவில் பிறந்து வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியாக ஓடுகிற ஆறு. ஓடுகிற என்றா சொன்னேன், பதினைந்து வருஷம் போல அதில் மணல்தான் கிடந்தது. போர் போட்டவன் எல்லாம் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தான், விவசாயத்தை விட்டவர்கள் வேலை தேடி டவுனுக்குப் போனார்கள். 2014-ல் வாழும் கலை என்கிற தொண்டு நிறுவனம் உள்ளே வந்தது. கணியம்பாடி ஒன்றியத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தோடு கைகோர்த்து வேலை தொடங்கியது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எந்த இடத்தில் பாறையில் வெடிப்பு இருந்து நீர் கீழே இறங்கும் என்று அவர்களுடைய நிபுணர்கள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் பெண்கள் தோண்டினார்கள். சரிவுகளில் கல்லை அடுக்கி ஓட்டத்தை மட்டுப்படுத்தினார்கள், கீழே நீர் செறிவூட்டும் கிணறுகளை வெட்டி சிமெண்ட் உறை இறக்கினார்கள். நாலு வருஷத்தில் ஏறத்தாழ 20,000 பெண்கள், 3,500 கிணறுகள் என்பது கணக்கு. 2021 செப்டம்பரில் பிரதமரே வானொலியில் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசினார்.

பேரும் புகழும் கிடக்கட்டும், பணம் எப்படிப் பிரிந்தது என்பதைத்தான் நீ பார்க்க வேண்டும். கூலி அரசாங்கத்துடையது, அது அந்தப் பெண்களின் வங்கிக் கணக்குக்கே போகும். எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம், யார் பயிற்சி கொடுப்பது, கிராமம் கிராமமாகப் போய் யார் பேசுவது, இதெல்லாம் தொண்டு நிறுவனத்தின் பாடு. நூறு நாள் வேலையில் எப்போதும் குறைவது இந்த இரண்டாவதுதான். ஒரு ஓவர்சீயருக்கு ஏகப்பட்ட ஊராட்சி. காலையில் அளவு போட்டுக் கொடுக்கவே நேரம் சரியாக இருக்கும், இதில் நிலத்தடி நீரோட்டத்தை எங்கே ஆராய்வது? அதனால்தான் ரோட்டோரப் புல்லைச் செதுக்கியதையே மறுபடி செதுக்குகிறார்கள். ஊரும் “மரத்தடியில் உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள்” என்று கேலி பேசுகிறது. அந்தக் கேலி எனக்கு எப்போதுமே பிடிக்காது. வேலையை யோசித்துக் கொடுக்க ஆளில்லாததற்குக் கடப்பாரை பிடிக்கிறவளைத் திட்டி என்ன பயன்?

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் உங்கள் சிவகங்கையும் ஒன்று. நாங்கள் 2008-ல்தான் சேர்ந்தோம். அப்போது நாள் கூலி 80 ரூபாய், 2025 ஏப்ரலிலிருந்து 336. இது அளந்து பார்த்துக் கொடுக்கிற உச்சவரம்பு, முழுசாகக் கைக்கு வருவது அபூர்வம். நம் மாநிலத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். சட்டம் கேட்டது மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது உன் ஜேசிபி. மிஷின் நாலு நாளில் கண்மாயைப் பள்ளமாக்கிவிட்டுப் போய்விடும், ஊரில் ஒருவருக்கும் ஒரு நாள் கூலி இருக்காது. வரத்துக் கால்வாயை யாரும் தொடாமல் விட்டால் அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீரும் வராது. நூறு நாள் வேலையில் காண்ட்ராக்டருக்கு இடமில்லை, ஆளின் வேலையைப் பறிக்கிற மிஷினுக்கும் இடமில்லை. செலவில் கூலி 60, பொருள் 40 என்பது கணக்கு. மண் வேலையும் கல் அடுக்குவதும் அதற்குள் அடங்கிவிடும். உறை, சிமெண்ட் என்று போனால் பொருள் செலவு ஏறும், அந்த பில்லும் சீக்கிரம் வராது. அறக்கட்டளைப் பணத்தை அங்கே வை. வரத்துக் கால்வாயை அளந்து வரைபடம் போட ஒரு நல்ல சர்வேயருக்குக் கொடு. வண்டல் வேண்டுமென்கிற விவசாயிகளை தாசில்தாரிடம் அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ளச் சொல். தூர்வாருவதில் பாதி அதிலேயே முடியும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. போன நவம்பரிலிருந்து மார்ச் வரை கூலி வராமல் என் பழைய தளப் பெண்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. மத்திய அரசு 4,034 கோடி ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது என்று மார்ச் 29-ல் மாநில ஆளுங்கட்சியான திமுகவே தெருவுக்கு வந்தது. அந்த மாதிரி நேரத்தில் எந்த அறக்கட்டளையாலும் கூலியை ஈடுகட்ட முடியாது. “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று வாக்குக் கொடுத்துவிடாதே, வேலைக்கு வருகிறவர்கள் அரசாங்கத்தை விட்டுவிட்டு உன் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்புறம் தினம் இரண்டு தடவை மொபைலில் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு. சிக்னல் இல்லாத இடத்தில் பணித்தளப் பொறுப்பாளர் படுகிற அவஸ்தையை நேரில் பார்த்தால் உனக்கே சிரிப்பும் வரும், கோபமும் வரும். அவளைத் தோழியாக்கிக்கொள், பாதி வேலை அவளால்தான் நடக்கும்.

இன்னொன்று, போர்டு. கண்மாய்க்கரையில் உங்கள் பெயரை வைத்துவிட்டுத் தோண்டியவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். போர்டு சின்னதாகிவிடும் என்று நம் செட்டில் ஒருத்தன் சொல்வான், யாரென்று உனக்கே தெரியும்.

உங்கள் மாவட்டத்தில் ஜனவரி 5-ஓடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர்தான். ஆகவே யூனியன் ஆபீஸில் பிடிஓ-வை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார். அக்டோபர் 2 கிராம சபையில் அடுத்த வருஷத்து வேலைப் பட்டியலை எடுப்பார்கள். கண்மாயும் வரத்துக் கால்வாயும் அதில் ஏறிவிட வேண்டும். அதற்கு முன்பே தெருவில் உள்ள பெண்களிடம் பேசி, அவர்களையே எழுந்து கேட்கச் சொல். நீ கேட்டால் மனுவாகப் போகும், அவர்கள் கேட்டால் தீர்மானமாகும்.

செப்டம்பர் கடைசியில் நான் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். பஸ்ஸில் முடியாது, ரயிலுக்குப் பார்க்கிறேன். கண்மாயின் பழைய வரைபடம் தாலுகா ஆபீஸில் கிடைக்கிறதா என்று அதற்குள் விசாரித்து வை.

உன் பழைய ரூம்மேட்