குற்றமிழைத்த பொலிஸாரின் ஓய்வூதியம் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

பொலிஸ் காவலில் நிகழும் சித்திரவதைகள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவை பெரும்பாலும் கைது, காயம், ஆர்ப்பாட்டம், இடமாற்றம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அதன் பிறகு அந்த உத்தியோகத்தர் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார், மாதந்தோறும் அவருக்கு ஓய்வூதியம் போகிறதா என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே இந்தக் கடிதம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் முதலில் ஒரு சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, தோட்டத் தொழிலாளி ஒருவர் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். ஆனால், மோசடிக்காகவோ தொழில்தருநரின் உடைமைக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்ததற்காகவோ அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால், சேதத்தின் அளவுக்கு அந்தப் பணிக்கொடையை இழப்பார் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய் கம்பனியின் சொத்துக்கு ஏற்படுத்திய சேதத்தைத் தன் கடைசிக் காசிலிருந்து ஈடுசெய்ய வேண்டுமென்றால், மனித உடலுக்குச் சேதம் விளைவித்த அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியம் மட்டும் ஏன் தொடப்படாமல் இருக்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் லயத்து இளைஞன் ஒருவனைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பொலிஸார் கூட்டிச் சென்றார்கள். இரண்டு இரவுகள் கழித்து அவன் திரும்பி வந்தபோது உள்ளங்கால்களை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. முறைப்பாடு செய்யச் சென்ற அவனுடைய தந்தையுடன் நானும் போனேன். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. தந்தை தமிழில் கையெழுத்திட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தைக் கொண்டு அதை வாசித்தபோது, பையன் படியில் தவறி விழுந்ததாக அதில் எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தவைக்க அன்று மாலை வரை நின்றோம். சம்பளம் கிடைத்ததும் கொழும்புக்குப் போய் வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று தந்தை சொன்னார். அதற்குள் ஒரு மாதம் கடந்துவிட்டது. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கான காலமும் அந்த ஒரு மாதம்தான். அந்தக் காலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கு விசாரணை நடைபெறும் நாட்கள் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படமாட்டா என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் இருப்பது, பள்ளியில் குடியியல் கற்பித்த எனக்கே அன்று தெரிந்திருக்கவில்லை. அந்த வேதனை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. பின்னர் நாங்கள் எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்த ஒரே பதில், சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதாகும்.

ஓய்வு பெற்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பது சரியல்ல. ஓய்வூதியம் பூரண உரிமையல்ல என்று அரச ஊழியரின் ஓய்வூதிய விதிகளைக் கொண்ட ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பிலேயே கூறப்பட்டுள்ளது. ஒழுக்காற்று நடவடிக்கை நிலுவையில் இருக்கையில் ஓய்வு பெறும் ஒருவரின் ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கவோ குறைக்கவோ அதன் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. நான் ஆசிரிய சேவையிலிருந்து ஓய்வு பெற்றபோது, என்மீது அத்தகைய விசாரணை எதுவும் இல்லையென்று உறுதிப்படுத்திய பிறகே என் கோப்பு நகர்ந்தது. ஆகவே வழி இருக்கிறது. உரிய நேரத்தில் விசாரணையைத் தொடங்காததால்தான் அந்த வழி அடைபடுகிறது.

விசாரணையைத் தொடங்க வேண்டிய தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கதையோ நெடியது. 2001இல் 17ஆவது திருத்தத்தின் மூலம் உருவான அதன் அதிகாரங்கள் 2010இல் 18ஆவது திருத்தத்தால் குறைக்கப்பட்டு, 2015இல் மீளளிக்கப்பட்டு, 2020இல் மீண்டும் பறிக்கப்பட்டு, 2022இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பக் கிடைத்தன. ஆட்சி மாறும்போதெல்லாம் நிறமும் மாறும் ஓர் அமைப்பைப் பார்த்து, தன் பதவிக்கு ஆபத்து வரும் என்று எந்தப் பொறுப்பதிகாரி அஞ்சுவார்?

பொலிஸ் அதிகாரியான தேசபந்து தென்னகோன் சித்திரவதைக்குப் பொறுப்பானவர் என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்து, அவரும் ஏனைய அதிகாரிகளும் தலா 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனவும் அவர்கள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க வேண்டுமெனவும் உத்தரவிட்டது. அதன் பின்னர் 2024 பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. நாட்டின் தலைமைப் பொலிஸ் அதிகாரியின் விடயத்திலேயே நிலைமை இதுவென்றால், மலையடிவாரத்துச் சிறு பொலிஸ் நிலையத்துச் சார்ஜன்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவரின் ஓய்வூதியத்தை மட்டும் பறிக்கலாம் என்று சிலர் கூறுகின்றனர். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடைச் சட்டம் 7 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால், அதன் கீழ் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, அது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுக் குற்றத்தீர்ப்பில் முடிவது மிக அரிது. மறுபுறத்தில், சித்திரவதையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை மீறப்பட்டுள்ளதென உயர் நீதிமன்றம் காண்பது குற்றத்தீர்ப்பு அல்ல என்பதால் சேவைக் கோப்பில் அது வெறும் தாளாகக் கிடக்கிறது. சட்ட வாசகம் தெளிவில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சிகாகோ நகரமே உதாரணம். சந்தேக நபர்களைச் சித்திரவதை செய்த ஜோன் பர்ஜ் என்ற அதிகாரி அதுபற்றிப் பொய்ச் சத்தியம் செய்ததற்காக 2010இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆயினும் அவரது குற்றம் கடமையோடு தொடர்புடையதா என்ற கேள்வியில் ஓய்வூதியச் சபை 4க்கு 4 எனப் பிளவுபட, அவரது ஓய்வூதியம் தொடர்ந்தது.

ஆகவே, 11ஆவது உறுப்புரையை மீறியதாக உயர் நீதிமன்றம் பெயர் குறிப்பிட்டுக் கண்ட எந்த உத்தியோகத்தர் மீதும் மூன்று மாதங்களுக்குள் ஒழுக்காற்று விசாரணை தொடங்கப்படுவதும், அது முடியும் வரை அவரது ஓய்வூதியம் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12ஆம் பிரிவின் கீழ் நிறுத்தி வைக்கப்படுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கழிக்கப்படும் தொகை திறைசேரிக்குள் மறைந்துவிடாமல் பாதிக்கப்பட்டவரின் மருத்துவத்துக்கும் பிழைப்புக்கும் போக வேண்டும். அதேவேளை, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்காக அவர் தன் சம்பளத்திலிருந்து கட்டிய பணத்தில் கைவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் யாரையும் அடிக்கவில்லை.

11ஆவது உறுப்புரையை மீறியதாக உயர் நீதிமன்றம் கண்ட பொலிஸ் உத்தியோகத்தர்களில் எத்தனை பேர் மீது விசாரணை நடந்தது, எத்தனை பேர் முழு ஓய்வூதியத்துடன் விலகினர் என்று மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்வியை நானும் தமிழில் எழுதி இவ்வாரம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் கிடைத்ததும் தங்களுக்கு அறியத் தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.