ராஜினாமா எழுதும் முன்

மேலையூர் பக்கம்,
ஜூன் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். மாயவரம் துலாக்கட்டத்துக்கு நேற்றுத்தான் தண்ணீர் வந்ததாம். நம் வாய்க்காலில் இன்னும் புழுதிதான்.

தூதரக வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வரப்போவதாக நீ போனில் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லையம்மா, பயம்.

இந்த வழியில் வந்தவரை நம் தொகுதி பார்த்திருக்கிறது. 1991-ல் மணிசங்கர் ஐயர் இங்கே வந்து நின்றபோது எனக்கு முப்பது வயசு. அவர் பிறந்தது லாகூர். 1963-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, கராச்சியில் நம் துணைத் தூதரகத்தை நடத்தி, 1989-ல் வேலையை விட்டவர். ஜெயித்தார். 1996-ல் தோற்றார். 1999-லும் 2004-லும் ஜெயித்தார், 2009-ல் மறுபடி தோற்றார். அதே மனிதர், அதே படிப்புதான். அவரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. உலகம் சுற்றியவர், 2004-ல் பஞ்சாயத்து ராஜுக்கென்று தனி அமைச்சகம் வந்தபோது அதன் முதல் அமைச்சராகி, கிராம சபை, கிராம சபை என்றே பேசிக்கொண்டிருந்தார்.

கே.ஆர்.நாராயணனையும் நினைத்துக்கொள்கிறேன். சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தவர், 1984-ல் கேரளத்து ஒற்றப்பாலத்தில் ஓட்டுக் கேட்டுப் போனார். 1997-ல் குடியரசுத் தலைவர்.

என் பயம் தோல்வியைப் பற்றியது இல்லை. உன் வேலையில் நீ பேசும் ஒவ்வொரு சொல்லும் டெல்லி அளந்து கொடுத்தது. இங்கே உனக்கு யாரும் அளந்து தர மாட்டார்கள்.

போன மாசியில் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு ஒன்பது நாள் காத்துக் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயப்போடு என்றார்கள். காயப்போட்டால் மழை. பக்கத்துக் குவியல் ஒரு அம்மாவுடையது. குத்தகை நிலம், கணவர் இல்லை. இரவெல்லாம் தார்ப்பாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் என்னிடம் கேட்டாள்: "உங்க பொண்ணு கவர்மெண்டுல பெரிய வேலைல இருக்கே, நமக்காக ஒரு வார்த்தை பேசாதா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீ அரசியலுக்கு வருவதானால் அந்தக் கேள்விக்குத்தான் வருகிறாய்.

உன் தொழிலுக்கு இங்கே வேலை இல்லாமல் இல்லை. 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைத்தார்கள். 2007-ல் இறுதித் தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று முடித்தது. இருபத்தெட்டு வருஷம். அப்புறமும் மழை பொய்த்த வருஷத்தில் பழைய சண்டைதான். எதிரில் இருப்பவரைப் பகைக்காமல், எழுந்தும் போகாமல் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும். உனக்கு அது தெரியும். அதனால்தான் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ராஜினாமாவை அங்கிருந்து அனுப்பாதே. லீவு போட்டு அக்டோபர் 2 கிராம சபைக்கு வா. நாற்காலி கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லி ஜமக்காளத்தில் உட்கார். அன்றைக்கு நீ எதுவும் பேச வேண்டாம். அந்த அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா