அப்பா போட்டுக் காட்டிய மூன்று அம்புகள்

அன்பு மகளுக்கு,

புரோட்டானின் தற்சுழற்சியைப் பற்றி நீ அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், ஜெட் வரும் பக்கங்களை மட்டும் மூன்றாவது தடவையும்.

பன்னிரண்டாம் வகுப்பில் நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா, புரோட்டானின் தற்சுழற்சி (ஸ்பின்) ஏன் அரை என்று? புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க் துகள்களுக்கும் ஆளுக்கு அரை என்று நான் மூன்று அம்பு வரைந்தேன். இரண்டு குவார்க் மேலே, ஒன்று கீழே, கூட்டினால் அரை, அவ்வளவுதான் என்றேன். அது தப்பு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இஎம்சி என்ற ஆய்வுக்குழு 1988லேயே குவார்க்குகளின் தற்சுழற்சி அதில் சின்னப் பங்குதான் என்று சொல்லிவிட்டது, இன்றைய கணக்கிலும் அது சுமார் 30 சதவீதம்தான். அதைத் தேடிப் பார்க்காமல் உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே என்று இப்போதும் உறுத்துகிறது.

மிச்சத்தில், குவார்க்குகளை ஒட்டிவைத்திருக்கும் குளுவானுக்கு எவ்வளவு என்பதுதானே உன் வேலை. குளுவானுக்கு மின்னூட்டம் இல்லை, எலக்ட்ரானை விட்டு அடித்தால் நேராகச் சிக்காது, அதனால்தான் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தின் ரிக் முடுக்கியில் புரோட்டானையே புரோட்டானோடு மோதவிட்டார்கள் என்பது உன் எழுத்தில்தான் எனக்குத் தெளிந்தது. உள்ளே முட்டிக்கொண்ட குவார்க்கும் குளுவானும் தனியாக வெளியே வர முடியாமல், ஒரே திசையில் பீறிடும் துகள் கொத்தாக வருகின்றன, அந்தக் கொத்துதான் ஜெட். இரண்டு புரோட்டானின் தற்சுழற்சியும் ஒத்திருக்கும்போது எத்தனை ஜெட், எதிராக இருக்கும்போது எத்தனை என்று எண்ணி, வித்தியாசத்தைப் பார்க்கிறீர்கள். அதுவே துளியூண்டு. அதிலும் கற்றையில் முனைவாக்கம், அதாவது புரோட்டான்களின் தற்சுழற்சி ஒரே பக்கம் அணிவகுத்திருக்கும் அளவு, 60 சதவீதம் என்றால், இரண்டு கற்றைக்கும் பெருக்கி 0.36, கண்ணில் படுவது உண்மையான வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இதற்கு எத்தனை பொறுமை வேண்டும்!

போனில் அந்த வித்தியாசத்தின் வரைபடத்தைப் பற்றி நீ சோர்ந்துபோய், "எல்லாப் புள்ளியும் பூஜ்யத்துக்கிட்டயே நிக்குதுப்பா" என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அப்புறம் உட்கார்ந்து படித்தேன். ரிக்கின் ஆரம்ப கால ஜெட் அளவீடுகளும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தனவாம். ஆனால் குளுவான்தான் பெரும்பங்கைச் சுமக்கிறது என்ற பெரிய பெரிய ஊகங்களை அடித்துத் தள்ளியவை அந்தப் புள்ளிகள்தான், நீயே முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடிவிட்டாய், அதை இன்னும் விரித்து எழுதும்மா. 2009இல் எடுத்த தரவு வந்த பிறகுதானே ரிக்கின் ஸ்டார் ஆய்வுக்குழுவின் புள்ளிகள் பூஜ்யத்தை விட்டு மேலே எழும்பி, குளுவானுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆகவே உன் புள்ளிகளை அவசரப்பட்டு வெறும் பூஜ்யம் என்று எழுதிவிடாதே, அளவீடு எவ்வளவு தவறலாம் என்று காட்டும் பிழைக்கோடு எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை முதலில் சொல்.

சரி, ஒரு சந்தேகம். ஒரு மோதலில் வரும் இரண்டு ஜெட்டையும் சேர்த்துப் பிடித்தால் குளுவான் புரோட்டானின் உந்தத்தில் எத்தனை பங்கைத் தாங்கி வந்தது என்று கணக்கிடலாம் என்கிறாய். மோதலின் ஆற்றலை 200லிருந்து 510 ஜிஇவிக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஏற்றினால் இன்னும் சின்னப் பங்கு குளுவான்களும் அகப்படும் என்பது புரிகிறது. அதற்கும் கீழே இருப்பவற்றை யார் எண்ணுவார்கள், வரப்போகும் எலக்ட்ரான்-அயனி மோதல் முடுக்கியா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா