500 ரூபா ஊக்கத்தொகைக்கு மூணு நாள் நடவு கூலி போச்சு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஊர்க்காரி, எங்க ஊர் தொடக்கப்பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன். காலை உணவு திட்டத்த 2023 ஆகஸ்ட் 25 அன்னைக்கி இங்க திருக்குவளைல வெச்சுத்தான் மாநிலம் முழுக்க விரிவாக்குனாங்க, எங்க ஸ்கூல்ல அது நல்லாவே ஓடுது, ஏன்னா புள்ள தட்டோட வந்து உக்காந்தா போதும், ஓடிபி, கைரேகைன்னு எதுவும் கேக்க மாட்டாங்க.

மத்ததெல்லாம் அப்படியா? எம்பிசி பொம்பளப் புள்ளைங்களுக்கு 3லேர்ந்து 5ஆம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 500 ரூபா ஊக்கத்தொகை இருக்கு. நாலாப்பு படிக்கிற ஒரு புள்ளைக்கு அத வாங்க அவ அம்மா மூணு நாள் பேங்குக்கு அலைஞ்சுச்சு. மொத நாள் ஆதார்ல ஒரு இனிஷியல், பாஸ்புக்ல வேற இனிஷியல்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டாம் நாள் சர்வர் இல்ல, மூணாம் நாள் ரேகை வெச்சா மெஷின் எடுக்கவே இல்ல. எப்படி எடுக்கும், சம்பா நடவு நேரம், பொழுதன்னைக்கும் சேத்துல கெடந்த வெரலு, தோலு உரிஞ்சு வெள்ளையா ஊறிப்போயி இருக்கு. முந்தானைல தொடச்சு தொடச்சு வெச்சுப் பாத்துட்டு அழுதுக்கிட்டே வந்துச்சு. மூணு நாள் கூலிய கணக்கு போட்டா 500 ரூபாய்க்கு மேலயே போச்சுங்க.

டீச்சரம்மாவ குத்தம் சொல்ல முடியாது. சட்டப்படி 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டே டீச்சர், ஆனா வகுப்பு அஞ்சு, அதுல ஒருத்தங்க ட்ரெய்னிங் போயிட்டா இருக்குறவங்க எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவேட்டுல, பதிவு ஏத்துவாங்களா, இல்ல வாய்ப்பாடு சொல்லிக்குடுப்பாங்களா? (எமிஸ்ல ஏத்துறதுக்கு எங்க ஊர்ல சிக்னலும் கெடைக்கணும், அது தனிக் கத.)

மேல பணத்துக்கே இழுபறிதான். பி.எம்.ஸ்ரீங்குற மாதிரிப் பள்ளித் திட்டத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலன்னு, சமக்ர சிக்ஷாங்குற பள்ளிக்கல்வித் திட்டத்து நிதிய மத்திய அரசு நிறுத்தி வெச்சுச்சு, அது டெல்லியும் சென்னையும் பேசிக்க வேண்டியது. ஆனா ஒதுக்குன பணம் புள்ள கைக்கு வந்து சேர்றது இங்க சரிபண்ணக்கூடிய விஷயம்தானே. 2024ல ஸ்கூல்லயே ஆதார் பதிவுன்னு மெஷின கொண்டு வந்தாங்க, நல்ல காரியம், அதே மாதிரி ஜூன்லயே, நடவுக்கு முன்னாடி, பேங்க் ஆளையும் ஸ்கூலுக்கு கூட்டிட்டு வந்தா பேரு திருத்துறது, ஆதார் இணைக்கிறது எல்லாம் அங்கயே ஒரே நாள்ல முடிஞ்சுடும்.

கலெக்டர் ஐயா பார்வைக்கு போகட்டும்னு எழுதுறேன். அந்த அம்மா இந்த வருஷம் விண்ணப்பமே வேணாம்னு சொல்லிடுச்சு.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்