தாத்தா மனையில் நாலு வீடு

சத்தியவேடு

அன்புள்ள கீதாவுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய கணக்கை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்தைந்து வயதுக்குள் ஐந்து வாடகைச் சொத்து. தாத்தா மனையில் எட்டு போர்ஷன், மற்ற நான்கும் கடனில் வாங்கப்போகும் அபார்ட்மென்ட். பெங்களூரில் கை நிறையச் சம்பளம் வாங்கும் வயதில் நீ இப்படி யோசிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மா அந்தத் தாளைப் பக்கத்து வீட்டிலும் காட்டிவிட்டாள். இதையெல்லாம் போனில் பேசினால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அபார்ட்மென்ட். 40 லட்சத்துக்கு ஒரு வீடு என்று போட்டிருக்கிறாய். வங்கி 80 சதவீதம் கொடுத்தால் கடன் 32 லட்சம். எட்டரை சதவீத வட்டிக்கு இருபது வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,770 ரூபாய். அதற்கு வாடகை 12,000 என்று நீயே எழுதியிருக்கிறாய். மீதி 15,770 உன் சம்பளத்திலிருந்து போகிறது. இப்படி நாலு வீடு என்றால் மாதம் 63,000. வருஷம் பத்து சதவீதம் வாடகை ஏறும், பத்தாம் வருஷம் தவணையைத் தாண்டிவிடும் என்று ஒரு பத்தி வரைந்திருக்கிறாய் பார், அதைத்தான் நான் நம்பவில்லை. வருஷா வருஷம் பத்து சதவீதம் ஏற்றினால் எந்தக் குடித்தனக்காரர் இருப்பார்? எதிரிலேயே லிஃப்டும் ஜிம்மும் வைத்துப் புதுக் கட்டடம் எழும்பும்போது, பெயின்ட் உரிந்த உன் வீட்டுக்கு வாடகை ஏறாது. இருப்பதைத் தக்கவைத்தாலே பெரிது.

நீ பார்க்கும் வீடியோக்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் முப்பது வருஷத்துக்கு மாறாத வட்டியில் கடன் வாங்கி, வாடகையிலேயே தவணை கட்டி, அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டிதான். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போடும் ரெப்போ வட்டி 2022 மே மாதம் ஏற ஆரம்பித்தது. 4 சதவீதத்தில் இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அப்போது கடன் வாங்கியிருந்தவர்கள் பலருக்குத் தவணை ஏறவில்லை, வருஷம் நீண்டது. இருபது வருஷம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர் ரிடையர் ஆன பிறகும் கட்ட வேண்டிய நிலை. உன் தாளில் வட்டி கடைசி வரை எட்டரையாகவே இருக்கிறது.

வரிக் கணக்கிலும் ஒன்று திருத்த வேண்டும். வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக் கழிவாகச் சட்டமே தருகிறது, அது சரி. ஆனால் நீ இருப்பது புதிய வரி முறையில். வட்டி வாடகையைவிட அதிகமாகி நஷ்டம் வந்தால், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில்கூட வருஷத்துக்கு 2 லட்சம் வரைதான். 'வரி மிச்சம்' என்று நீ போட்டிருக்கும் வரியை அடித்துவிடு.

ஆகவே அபார்ட்மென்ட் நாலையும் இப்போதைக்கு மறந்துவிடு. தாத்தா மனை வேறு விஷயம். அங்கே நிலத்துக்குக் கடன் இல்லை, கட்டடத்துக்கு மட்டும்தான். 300 சதுர அடியில் ஒரு போர்ஷன்: ஒரு அறை, சமையல் மேடை, தனி பாத்ரூம், தனி மீட்டர். நாலு போர்ஷனுக்கு 1,200 சதுர அடி. மேஸ்திரி சொல்லும் விலையோடு போர்வெல், மோட்டார், செப்டிக் டேங்க், காம்பவுண்டு எல்லாம் சேர்த்து 25 லட்சம் என்று வைத்துக்கொள். உன் பிக்சட் டெபாசிட் 10 லட்சம் போக, 15 லட்சம் கடன். பதினைந்து வருஷத்துக்கு எட்டரை சதவீதத்தில் மாதம் 14,770 சுமார். போர்ஷன் 4,500 வீதம் நாலுக்கு 18,000 வாடகை. வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான் வாடகை என்று போடு, 1,98,000. தவணைக்கு 1,77,000 போனால் கையில் இருபதாயிரம் சொச்சம் நிற்கும். அது மோட்டார் காயில் கட்டவும், வெள்ளையடிக்கவும், பஞ்சாயத்து வரிக்கும் சரியாகப் போய்விடும். லாபம் என்று ஒன்றும் இல்லைதான். ஆனால் உன் சம்பளத்தைத் தொடாமல் பதினைந்து வருஷத்தில் கட்டடம் உன்னுடையதாகிவிடும். நிலத்துக்கு விலை போடாமல் கணக்குப் பார்க்கிறீர்களே என்று கேட்பாய். நியாயம்தான். விலை போட்டால் இதுவும் அவ்வளவு அழகாக இருக்காது. விற்கப்போவதில்லை என்பதால் போடவில்லை.

ஏன் பதினோரு மாதம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2008க்குப் பிறகு ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்து நம் பக்கம் எப்படி மாறியது என்று உனக்கே தெரியும். கார் கம்பெனி, ஏசி கம்பெனி, சாக்லேட் கம்பெனி. வேர்க்கடலை போட்ட கொல்லையெல்லாம் இப்போது லைன் வீடு. ஒடிசா, பீகார், வங்காளத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுக்கிறார்கள், இரண்டு பேர் டே ஷிஃப்ட், இரண்டு பேர் நைட். வாடகை ஒழுங்காக வருகிறது. ஆனால் கான்டிராக்ட் ஆட்களை ஒரு கம்பெனி நிறுத்தினால் அந்த வாரமே ஒரு தெரு காலி. 2020இல் ஊரடங்கு வந்தபோது வரிசையாகக் கதவுகளில் பூட்டுத் தொங்கியதை நீயும் பார்த்தாய். வங்கிக்கு அந்த மாதங்கள் தெரியாது. முதலில் மூன்று மாதம், பிறகு இன்னும் மூன்று மாதம் கடன் கட்டாமல் இருக்கலாம் என்று விட்டார்கள், வட்டியை விடவில்லை. அதனால் ஆறு மாதத் தவணை, கிட்டத்தட்ட 90,000 ரூபாய், தனியாக ஒரு கணக்கில் கிடக்க வேண்டும். அது சேர்ந்த பிறகுதான் அஸ்திவாரம்.

நாலு பேர் இருக்கும் அறைக்கு, குடும்பம் இருக்கும் வீட்டைப்போல் தண்ணீர் கணக்குப் போடாதே. செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பும். மேஸ்திரி சின்னதாகப் போட்டு முடிக்கப் பார்ப்பார், விடாதே. டேங்கர் லாரி டேங்க் வரை வர வழி இருக்கிறதா என்று பிளான் போடும்போதே பார்க்க வேண்டும். மீட்டர் நாலும் வெளிச்சுவரில், மழை படாமல். ஒரே மீட்டர் வைத்துப் பில்லைப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் மாதா மாதம் பஞ்சாயத்துதான். அம்மாவால் முடியாது, எனக்குப் பொறுமை கிடையாது. அப்புறம், கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறதா என்பதைத்தான் பையன்கள் முதலில் கேட்பார்கள். டைல்ஸ் எந்த நிறம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நீ டைல்ஸுக்கு ஒரு தனி ஷீட்டே போட்டிருக்கிறாய்!

இனி முக்கியமான விஷயம். எட்டு போர்ஷன் என்று எழுதியிருக்கிறாய். நான் நாலு என்றே சொல்லிக்கொண்டு வருகிறேன், கவனித்திருப்பாய்.

தாத்தா 1957இல் கிரயம் வாங்கிய பத்திரம் பீரோவில் இருக்கிறது. தமிழில்தான் இருக்கும், அப்போது நம் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துச் செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லை மாறி ஆந்திராவோடு சேர்ந்தோம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன். நான்கெல்லையில் 'மேற்கே வண்டிப் பாட்டை' என்று இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஓடும் சிமென்ட் ரோடு அதுதான். அந்த ஒரு வரி இருப்பதால் யாரும் நம் வழியை மறிக்க முடியாது. ஸ்ரீசிட்டி பக்கம் மலிவாக மனை இருக்கிறது என்று உனக்குப் போட்டோ அனுப்பும் புரோக்கர் இருக்கிறாரே, அவரிடம் தாய்ப்பத்திரத்தின் நான்கெல்லையைக் கேள். நம் பக்கத்து மனை அளவான அங்கணத்தில், ஒரு அங்கணம் இவ்வளவு என்று விலை சொன்னால், அங்கணத்துக்கு எத்தனை சதுர அடி என்றும் கேள். ஒரு இடத்தில் 36, இன்னொரு இடத்தில் 72. டி.கே.டி. பட்டா என்று சொன்னால் போனை வைத்துவிடு. நிலமில்லாத ஏழைகளுக்கு அரசு கொடுத்த நிலம் அது, கைமாற்றக் கூடாது என்று 1977லேயே சட்டம் வந்தது, 2023இல் திருத்தி இருபது வருஷம் தாண்டிய நிலத்துக்கு மட்டும் தளர்த்தினார்கள். சப் ரிஜிஸ்தர் ஆபீஸில் 22ஏ என்ற தடைப் பட்டியலில் அந்த சர்வே நம்பர் இருந்தால் பதிவே ஆகாது. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று அவர்கள் சொல்வதை முப்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் மனை பன்னிரண்டு சென்ட். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போனார், பாட்டியும் இல்லை. அப்படியானால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கும் அத்தைக்கும் சரிபாதி. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு வந்தது ஆந்திராவில் 1986 சட்டத்தில் என்று யாராவது உனக்குச் சொல்லலாம், அது வேறு கணக்கு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தைக்குக் கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது, பங்கு வேண்டாம் என்று ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டால் போதும் என்று சித்தப்பா முறையில் ஒருவர் உனக்கு யோசனை சொன்னாராம், அம்மா சொன்னாள். ஒரு பட்டுப்புடவையும் கவரில் கொஞ்சம் பணமும் கொடுத்துத் தங்கைகளைக் கையெழுத்துப் போடக் கூட்டி வருபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். படித்துக் காட்டும்போது அந்தப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அந்தப் பத்திரம் நம் வீட்டில் எழுதப்பட மாட்டாது.

மனையை நீளவாக்கில் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். குறுக்கே பிரித்தால் முன்பக்கம் நமக்கு, பின்பக்கம் அத்தைக்கு என்றாகி, வழிக்குத் தகராறு வரும். நீளவாக்கில் என்றால் இரண்டு பேருக்கும் ரோட்டு முகப்பு. ஆளுக்கு ஆறு சென்ட் என்பது 2,600 சதுர அடிக்கு மேல் வரும், நாலு போர்ஷன் காற்றோட்டமாகக் கட்டலாம், மேலே இன்னொரு மாடிக்குத் தாங்குகிற மாதிரி பில்லர் போட்டு வைக்கலாம். போர்வெல்லை எல்லைக்கோட்டில் போட்டு, செலவில் பாதியை அத்தை ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் நல்லது, ஆனால் அதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். வாய் வார்த்தையில் விட்ட கிணற்றுப் பங்கு எத்தனை கேஸ் ஆகியிருக்கிறது!

பாகப் பிரிவினை பதிவான பிறகு என் பாகத்தை உன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதித் தருகிறேன். உரிமை உன் பெயரில் இருந்தால்தான் வங்கி கடனுக்கு ஒப்புக்கொள்ளும். ஒரு நிபந்தனை: ஒரு போர்ஷன் வாடகை அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு. இதையும் பத்திரத்திலேயே எழுதுவேன். சிரிக்காதே. அப்படியானால் உன் கணக்கில் வாடகை 18,000 இல்லை, 13,500. தவணைக்கு மாதம் ஆயிரத்து சொச்சம் நீ கையிலிருந்து போட வேண்டியிருக்கும், காலி மாதத்தையும் ரிப்பேரையும் சேர்த்தால் நாலாயிரத்துக்கு மேல் வரும். அது முடியாது என்றால் இரண்டு போர்ஷனோடு ஆரம்பி, கடனும் நன்றாகக் குறையும்.

இரண்டாவது சொத்து எப்போது என்று கேட்டிருந்தாய். முதல் கட்டடத்தில் ஒரு முறை ஆள் மாறி, ஒரு மழைக்காலம் போய், அந்த 90,000 தொடப்பட்டு மறுபடி நிரம்பிய பிறகு. அது ஸ்ரீசிட்டி பக்கம் வேண்டாம். ஊத்துக்கோட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ பார்க்கலாம், ஒரே கேட்டிலிருந்து வெளியே வருகிறவர்களை மட்டும் நம்பி எல்லா வீட்டையும் வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் முத்திரையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம், இங்கே ஏழரை. அதற்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது, கையிலிருந்துதான் வைக்க வேண்டும். உன் தாளில் அந்த வரி விட்டுப்போயிருக்கிறது.

அத்தையிடம் நான் இன்னும் பேசவில்லை. நீ போய்ப் பேசு. நான் பேசினால் அண்ணன் கேட்கிறானே என்று எதற்கும் சரி என்பாள், அது எனக்கு வேண்டாம். நாகலாபுரம் போய் ஒரு நாள் தங்கி, உன் தாளைக் காட்டி, எந்தப் பக்கம் வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல். வடக்குப் பக்கத்தில் இருக்கும் புளியமரம் அவள் வைத்தது, அந்தப் பக்கம் கேட்டால் கொடுத்துவிடு. தேதி முடிவானதும் சொன்னால் சர்வேயருக்கு மனு கொடுத்து வைக்கிறேன். ஆதார், பான் நகல், நாலு போட்டோ கொண்டு வா. பத்திரம் நானே எழுதுகிறேன். எழுத்துக்கூலியையும் உன் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள், மகள் என்று குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா