ஆண்டறிக்கை: சங்கம் ஒன்றானது, எல்லை போட்டது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. மாத வகுப்புகள் நடந்தன, மழையில் இரண்டு தள்ளிப்போயின, டீ செலவு கூடியிருக்கிறது. மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நாம் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரே விஷயத்துக்குத்தான்: கடலூர் முதுநகர் கேபிள் இணைய ஆபரேட்டர்களும் மஞ்சக்குப்பத்து நெட்வொர்க் ஆட்களும் ஒரே சங்கமாகிவிட்டோம், சரி, இந்தச் சங்கம் எதைச் செய்யும், எதைத் தொடாது?

ஏன் சேர்ந்தோம் என்பது 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தில் அலைந்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அதற்கப்புறம் நமக்குத் தண்ணீர். அறுந்த ஒரே ஃபைபருக்கு, அதை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று, இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் எதிரெதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில் அறுந்ததைப் பார்க்க ஆளில்லை.

எல்லை பற்றிய முதல் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஐ.இ.டி.எஃப். கதையை எடுத்தார். இணையத்தின் நெறிமுறைகளை எழுதும் அந்த அமைப்பில், ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் இரண்டு நெறிமுறைகளான ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு ஒரு குழுவும் ஐ.எஸ்-ஐ.எஸ்.ஸுக்கு ஒரு குழுவும் தனித்தனியாக இருந்தன, 2018-ல் இரண்டையும் சேர்த்து எல்.எஸ்.ஆர். என்று ஒரே குழுவாக்கினார்கள். இரண்டு நெறிமுறையும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளை மற்றவர்களிடம் சொல்கிறது, ஒரு பகுதிக்குள் எல்லோர் கையிலும் ஒரே வரைபடம், அதில் டைக்ஸ்ட்ரா என்ற கணக்கு முறைப்படி மிகக் குறுகிய வழி. ஓ.எஸ்.பி.எஃப். இணையத்தின் அடிப்படை நெறிமுறையான ஐ.பி. மேல் ஏறிப் போகிறது, ஐ.எஸ்-ஐ.எஸ். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.விலிருந்து வந்தது, ஐ.பி. இல்லாமலே நேராக லிங்க் மேல் ஓடும், 1990-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1195 என்ற ஐ.இ.டி.எஃப். ஆவணம்தான் அதை ஐ.பி.க்குப் பழக்கியது. ஆனால் புதிதாக ஒரு வசதி வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் எழுத வேண்டும், அதுவும் பெரும்பாலும் அதே ஆட்களே. போக வேண்டிய பாதையைப் பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பும் செக்மென்ட் ரவுட்டிங்கைப் பாருங்கள்: 2019 டிசம்பரில் 8665, 8666, 8667 என்று வரிசையாக மூன்று ஆவணங்கள், ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு இரண்டு, ஐ.எஸ்-ஐ.எஸ்.ஸுக்கு ஒன்று. 2023-ல், வழியைத் தேவைக்கேற்ற விதியில் கணக்கிடும் ஃப்ளெக்ஸ் ஆல்கோ வந்தபோது எல்லாவற்றுக்கும் சேர்த்து 9350 என்ற ஒரே ஆவணம். நம் ஸ்ப்ளைசிங் மெஷின் கதையேதான் என்றார் அவர்.

எனக்குப் பிடித்தது வேறு. குழுவைத்தான் சேர்த்தார்களே தவிர நெறிமுறைகளைக் கலக்கவில்லை. ஐ.எஸ்-ஐ.எஸ்., ஓ.எஸ்.பி.எஃப். வி2, வி3 என்று மூன்றையும் பெயர் சொல்லியே எல்லைக்குள் வைத்தார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளுக்கிடையே வழி சொல்லும் பி.ஜி.பி.க்கு ஏற்கெனவே ஐ.டி.ஆர். என்ற குழு இருக்கிறது, அது அங்கேயே இருந்தது. டேட்டா சென்டருக்காக அதே ஆண்டில் வேறு குழுக்கள் தொடங்கின, அதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

நாம் இழுத்துப் போட்டுக்கொள்ளத்தான் பார்த்தோம். சிசிடிவி வேண்டும், மின்கம்ப வாடகை வேண்டும், கட்டணம் கட்டாத வாடிக்கையாளர் பட்டியல் வேண்டும். இரண்டாம் கூட்டம் இரவு பத்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தத்தோடு முடிந்தது நினைவிருக்கும். மூன்றாவதில் இளையவர் ஒருவர் வாயே திறக்காமல் இரண்டு மைக்ரோடிக் ரவுட்டர் பெட்டிகளை மேஜையில் வைத்து ஓ.எஸ்.பி.எஃப். போட்டார். ஒரு பக்கம் எம்.டி.யு., அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட், மறுபக்கம் 1492. ஹலோ பாக்கெட் போகிறது, வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று இரண்டுக்கும் தெரிகிறது, ஆனால் நிலை எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்பக் கட்டத்திலேயே நிற்கிறது, வரைபடம் கைமாறவே இல்லை. "நாமும் மூணு மாசமா வணக்கம் மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார். அப்புறம்தான் பேச்சு உருப்படியானது.

முடிவானது இது. ஃபைபர் அறுந்தால் பொதுத் தகவல், ஒரு இடத்துக்கு ஒரு மெஷின், ரவுட்டிங், ஐ.பி.வி6 வகுப்பு, கடலூர், புதுச்சேரி இரு பக்கமும் மாற்றுப் பாதை வைக்க உறுப்பினர்களுக்கு உதவி. கம்ப வாடகை, சிசிடிவி, பாக்கி வசூல் மூன்றும் வெளியே என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறோம். அந்த வரியை எழுதியவன் நான்தான், கோபமாக இருப்பவர்கள் என்னிடமே பேசலாம். வாடகைக்கென்று தனிக் குழு தொடங்கினால் அறையும் ப்ரொஜெக்டரும் தருகிறோம்.

ஒரு விஷயம் தீரவில்லை. வீட்டு வைஃபை புகார் உள்ளேயா வெளியேயா? ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று விட்டிருக்கிறோம்.

முதுநகர் பழைய கணக்கு நோட்டு இன்னும் வந்து சேரவில்லை, வைத்திருப்பவர் தயவுசெய்து கொடுத்துவிடவும். புது ரப்பர் ஸ்டாம்ப் வரும்வரை ரசீதில் பழைய ஸ்டாம்ப் இரண்டையும் குத்திக்கொண்டிருக்கிறேன், யாரும் செல்லாது என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்