சின்னக் கடனை முதலில் முடித்தோம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் இவரைக் கூப்பிட்டு அந்தப் பத்தியை உரக்க வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமலே எழுதுகிறேன்.

பதில் தாமதமானதற்கு நீ கேட்ட கேள்விதான் காரணம். கைக்கு வந்த தொகையை வீட்டுக் கடனில் கட்டுவதா, முதலீட்டில் போடுவதா? உன் வீட்டுக்காரர், அண்ணா, கட்டிவிடலாம் என்கிறார். நீ கணக்குப் போட்டுப் பார்த்து முதலீடுதான் லாபம் என்கிறாய்.

உன் கணக்கில் பிழை இல்லை. 8.5 சதவீத வட்டிக் கடனில் இன்று 1 லட்சம் கட்டினால், பத்து வருடத்தில் அது சுமார் 2.26 லட்சத்துக்குச் சமம். அதே பணம் முதலீட்டில் 11 சதவீதம் வளர்ந்தால் 2.84 லட்சம். ஆனால் 8.5 உறுதியானது, 11 எதிர்பார்ப்பு. அப்புறம், பத்து வருடமும் அந்தப் பணத்தில் நாம் கை வைக்கவே மாட்டோம் என்றும் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. எனக்கு அங்கேதான் இடறியது.

2020 பிப்ரவரி, மார்ச்சில் ஐந்தே வாரத்தில் உலகச் சந்தைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தன, நினைவிருக்கிறதா? நீண்ட காலத்துக்கு என்று போட்டு வைத்த பணத்தில் பாதியை மார்ச் கடைசியில் விற்றேன். நான்கு இரவு தூக்கமில்லை, விற்றதும் தூங்கினேன். ஆகஸ்டிலேயே அமெரிக்கச் சந்தை பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது. நான் திரும்பி உள்ளே போக இரண்டு வருடம் பிடித்தது. பொறுத்திருந்தால் லாபம் என்பது விற்ற அன்றும் எனக்குத் தெரியும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியதுதான், ஒரு தொகை வருகிற சந்தோஷத்தைவிட அதே தொகை போகிற வலி பெரிது. அவர்களுடைய பிந்தைய மதிப்பீட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அதனால் இப்போதெல்லாம் வேறு மாதிரி யோசிக்கிறேன். மனசு சொல்வதைக் கேட்டால் எவ்வளவு செலவாகும் என்று முதலில் கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் எங்களுக்கு இரண்டு கடன் இருந்தது. கிரெடிட் கார்டில் 30 சதவீத வட்டியில் பெரிய பாக்கி ஒன்று, 12 சதவீதத்தில் 12,000 பாக்கியுள்ள ஒரு சின்னத் தவணைக் கடன். கணக்குப்படி கார்டைத்தான் முதலில் கட்ட வேண்டும். இவரோ சின்னதை முடித்துவிடலாம் என்றார். உட்கார்ந்து பார்த்தோம். 18 சதவீத வித்தியாசம், 12,000-க்கு ஒரு முழு வருடத்துக்கு 2,160. சரி, கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு கடன் தீர்ந்துபோனதில் இவருக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே! மறுமாதத்திலிருந்து அந்தத் தவணைப் பணமும் கார்டுக்கே போனது. நான் நினைத்ததற்கு நான்கு மாதம் முன்னதாகவே அதுவும் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் மனசுக்கு விட்டுக்கொடு என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம், சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்துக்கு 1 லட்சம் கிடக்க, அதே அளவு கார்டு பாக்கியை நான் அப்படியே விட்டிருந்தேன். சேமிப்பைத் தொட மனசு வரவில்லை. வருடத்துக்கு 27,000 போய்க்கொண்டிருந்தது. அவசரத்துக்கு மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அது இல்லாவிட்டால் திரும்பவும் 30 சதவீதத்துக்குத்தான் வாங்க நேரும். ஆனால் இந்த 1 லட்சம் அதற்கும் மேல் சும்மா கிடந்த பணம்.

மனசை மாற்றப் பாடுபடுவதைவிட வழியை மாற்றிவிடுவது சுலபம் என்றும் தோன்றுகிறது. பொருளாதார அறிஞர்கள் தேலரும் பெனார்ட்சியும் ஒரு சேமிப்புத் திட்டத்தைப் பற்றி 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஊழியர்கள் இன்றைய சம்பளத்திலிருந்து எதையும் கூட்ட வேண்டாம், இனி வரும் ஒவ்வொரு உயர்விலும் ஒரு பங்கு சேமிப்புக்குப் போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் போதும். அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதம் ஆனது. எங்கள் வீட்டிலும் சம்பளம் வந்த மறுநாளே முதலீட்டுப் பணம் தானாகப் போய்விடும்படி செய்துவிட்டோம். தினமும் விலை பார்ப்பதையும் நான் விட்டுவிட்டேன்.

இனி உன் விஷயம். கணக்கு உன்னுடையது, ஆனால் அந்தக் கடனோடு தூங்கப் போகிறவர்கள் இரண்டு பேர். அண்ணாவுக்குக் கடன் என்ற சொல்லே எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரியாததா? அவருடைய அப்பா பட்ட பாட்டை அவர் சின்ன வயதில் பார்த்தவர். உன் முடிவுப்படி முதலீட்டில் போட்டு, ஒரு சரிவு வந்து, மேஜையில் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட வேண்டிவந்தால் லட்சத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்த 58 ஆயிரத்தை வைத்து என்ன செய்வாய்?

நான் உன் இடத்தில் இருந்தால் பாதியைக் கடனில் கட்டுவேன். அதோடு வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டலாமா என்று அண்ணாவிடம் கேட்டுப் பார். இருபது வருடக் கடனை இந்த வட்டிக்குத் தொடக்கத்திலிருந்தே அப்படிக் கட்டினால் ஏறத்தாழ மூன்றரை வருடம் குறையும். உங்களுக்குப் பாதி தூரம் தாண்டிவிட்டதால் அவ்வளவு வராது, இருந்தாலும் கடைசித் தவணைத் தேதி முன்னால் நகர்வதைப் பார்த்தால் அவர் முகம் மலரும். மீதிப் பாதியை உன் கணக்குப்படியே முதலீட்டில் போடு. அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல். 2020 மார்ச்சில் நீ என்ன செய்தாய்? அப்போது இதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

மகளின் முதல் சம்பளம் எப்போது வருகிறது என்று எழுது. அண்ணாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி